எட்டாம் நம்பர் மலையும் சபாபதி ஐயாவின் ஓட்டமும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அந்த நாடகம் எனக்குப் பிடிக்கும். பிடிக்கும் என்றால் சும்மா இல்லை, பைத்தியம். சனிக்கிழமை சாயந்தரம் ஆனால் போதும், என் மனைவி ரீட்டா டிவிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு, பக்கத்தில் தேத்தண்ணியை வைத்துவிட்டு, "வாங்க, ஒங்க பூசைக்கு நேரமாயிருச்சு" என்று கூப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூட நான் இத்தனை ஒழுங்காகப் போனவன் இல்லை. பங்குச் சாமி இதைப் படித்தால் படிக்கட்டும்.

நாடகத்தின் பெயர் 'எட்டாம் நம்பர் மலை'. காலையில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிக்கும் பெரட்டில் தொடங்கி, சாயந்தரம் கொழுந்து நிறுத்துப் போடுவது வரைக்கும் ஒரு தோட்டத்தில் நடக்கிற கூத்து. அதில் சிங்காரம் என்று ஒரு கண்டாக்கு ஐயா வருகிறார். மலைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர். காக்கிக் காற்சட்டை, முழங்கால் வரைக்கும் மேஸ் என்கிற காலுறை, கையில் தடி. திட்ட வாயைத் திறந்தால் தும்மல் வந்துவிடும். தும்மி முடிப்பதற்குள் திட்டு வாங்க வேண்டியவள் அடுத்த நிரைக்குப் போயிருப்பாள். அடேயப்பா, முதல் வாரம் பார்த்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் புரையேறி, ரீட்டா தலையில் தட்ட வேண்டியதாகிவிட்டது.

கொட்டகலை கடைவீதியில் நடந்தாலே அபிப்பிராயம்தான். சலூனில் ஒன்று, மரக்கறிக் கடையில் ஒன்று. "கொழுந்து எடுக்குறவளுக்கு நகத்துல எதுக்குங்க சாயம்?" என்பாள் ஒருத்தி. "கூடக் கயிற நெத்தியில போட்டிருக்கா பாருங்க, அது வகிட்டுக்கு மேல கெடக்கணும். ரெண்டு நாள் இப்பிடி எடுத்தா கழுத்து கழண்டுரும்" என்பாள் இன்னொருத்தி. பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடை வைத்திருக்கும் சிங்கள முதலாளிக்குத் தமிழ் பாதிதான் விளங்கும். அவர் விளங்காத பாதிக்கும் சேர்த்துச் சிரித்துவிட்டு "ஹரி ஷோக்!", அதாவது ரொம்ப ஜோர், என்பார். இப்போது எங்கள் தோட்டத்தில் வேலை செய்யும் இளம் உத்தியோகத்தர்கள் பஸ்ஸில் என்னைக் கண்டால் விடுவதில்லை. "ஐயா, நெசமாவே ஒங்க காலத்துல கண்டாக்குமாரு இப்பிடித்தானா?"

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். போன மாதம் அந்த நாடகத்தை முன்வைத்து எங்கள் தோட்டத்தில் ஒரு கூட்டம் நடந்ததே, அதற்குப் போகாதவர்கள் ஆளுக்கொரு கதை சொல்லித் திரிகிறார்கள். நடந்ததை நடந்தபடி சொல்ல ஆள் வேண்டாமா?

நான் மரியதாஸ். கொட்டகலைக்கும் லிந்துலைக்கும் நடுவில் ஒரு தோட்டத்தில் சின்னக் கணக்கப்பிள்ளையாகச் சேர்ந்து, வெளிக்கள உத்தியோகத்தராக ஓய்வு பெற்றவன். வேலை பழகிய வருடங்களைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லை. நனைந்தேன், அட்டை கடித்தது, திட்டு வாங்கினேன், மறுபடியும் நனைந்தேன். அவ்வளவுதான். திட்டியவர் யார் என்பதுதான் விஷயம்.

சபாபதி ஐயா. எங்கள் டிவிசனின் பெரிய கண்டாக்கு. ஆள் குள்ளம், குரல் உயரம். இறக்கத்தில் இறங்கும்போது பின்னால் யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பதுபோல உடம்பைச் சாய்த்துக்கொண்டு நடப்பார். திட்டுவதற்கு முன்னால் தொண்டையைக் கனைப்பார். அந்தக் கனைப்பு கேட்டால் போதும், அடுத்த மலையில் நிற்பவள்கூட முந்தானையைச் சரிசெய்துகொள்வாள். "இது தோட்டமா, தேர்த் திருவிழாவா?" என்பதுதான் அவருடைய முதல் வசனம். லேட்டாக வந்தால் அதே கேள்வி. சிரித்தால் அதே கேள்வி. ஒருநாள் நான் புதுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போனதற்கும் அதே கேள்வி!

ஆனால் வேலையில் மனிதர் புலி. பெண்களை ஒரு மலைக்குள் இறக்குவதற்கு முன்னால் அவரே ஒரு சுற்று வருவார். கையைக் கட்டிக்கொண்டு உலாவுகிற சுற்று இல்லை. ஒவ்வொரு நிழல் மரத்தையும் அண்ணாந்து பார்ப்பார். கல் இடுக்கில் தடியை விடாமல், குனிந்து காதை வைத்துக் கேட்பார். மழைத் தண்ணீர் ஓட வெட்டிய கான் ஓரத்துப் புதரை ஒதுக்கிப் பார்ப்பார். எதற்கு? குளவிக்கு. மலையில் வேலை செய்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: தேயிலை மலையில் சிறுத்தையைக் கண்டால்கூடத் தப்பலாம், குளவிக் கூடு கலைந்தால் ஆண்டவன் விட்ட வழி. ஒரே மூச்சில் ஆளைக் கொன்ற கதை எத்தனை தோட்டத்தில் இருக்கிறது.

கூடு கண்ணில் பட்டால் அந்த நிரையின் தலைமாட்டில் சிவப்புத் துணியைக் கட்டுவார். அதற்கப்புறம் துரையே வந்து சொன்னாலும் ஒருத்தியையும் அங்கே விடமாட்டார். மாதத்துக்கு ஒரு தரமாவது பெரட்டில் பாடமும் நடத்துவார். "குளவி வந்தா என்ன செய்யணும்?" என்று கேட்பார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி எல்லோரும், "ஓடக் கூடாதுங்கய்யா! கானுக்குள்ள குப்புறப் படுத்து, தலைய மூடிக்கணுங்கய்யா!" என்பார்கள். "ஓடுனா?" "தொரத்துமுங்கய்யா!" "யாரு ஓடுவா?" "புத்தி கெட்டவ ஓடுவாங்கய்யா!" அந்தக் கடைசி வரியை அவர்தான் எழுதிக் கொடுத்தார்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். டிவி வருவதற்கு முன்னாலேயே எங்கள் தோட்டத்தில் நாடகம் இருந்தது. மத்தியானமும் சாயந்தரமும் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் பெண்கள் கூடையோடு வரிசையில் நிற்பார்கள். தராசு ஒன்று, கூடைகளோ ஏராளம். அந்த நேரத்தில் துரை, சின்னதுரை, கண்டாக்கு, கங்காணி, நான், யாரையும் விடமாட்டார்கள். நடித்துக் காட்டுவார்கள். உத்தியோகத்தர்கள் காதில் விழாதது மாதிரி நிற்க வேண்டும், அதுதான் மரியாதை. அந்த மடுவத்து நாடகத்துக்கு ராணி காமாட்சி. அப்போதுதான் கல்யாணமாகி எங்கள் தோட்டத்துக்கு வந்த பெண். ஒல்லிக்குச்சி. சபாபதி ஐயாவின் நடையை அவள் நடந்தால், தராசுக்குப் பின்னால் நிற்கும் நான் சிரிப்பை அடக்க நாக்கைக் கடித்துக்கொள்வேன்.

இனி அந்த நாள்.

மழை விட்டு வெயில் அடித்த காலை. எங்கள் மலையில் கொழுந்து தளதளவென்று நின்றது. சபாபதி ஐயா வழக்கம்போலச் சுற்றி வந்தார், நானும் கூடப் போனேன். மரம் பார்த்தோம், கல் பார்த்தோம், கான் பார்த்தோம். ஒன்றும் இல்லை. சத்தியமாக ஒன்றும் இல்லை. மலைக்கு மேலே தோட்டத்து எல்லையைத் தாண்டிக் காடு. அந்தக் காட்டில் ஒரு பெரிய மரம். அதன் உச்சியில் இருந்த கூட்டை ஒரு கழுகு வந்து அடிக்கும் என்று யார் கண்டது?

சத்தம்தான் முதலில் வந்தது. மாவு மில் ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல். பிறகு மேல் நிரையிலிருந்து "குளவீ!" என்று ஒருத்தி கத்தினாள். பாடம் நடத்தியது வீண் போகவில்லை. கூடையைத் தள்ளிவிட்டு, இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை உருவித் தலையோடு போர்த்திக்கொண்டு, அத்தனை பேரும் கானுக்குள் சரிந்துவிட்டார்கள். நானும் கீழ்க் கானில் விழுந்தேன். மலையில் ஒரு தலை தெரியவில்லை.

ஒரே ஒரு தலை தெரிந்தது. சபாபதி ஐயா ஓடிக்கொண்டிருந்தார்!

என்ன ஓட்டம் என்கிறீர்கள்! தொப்பி ஒரு பக்கம், தடி ஒரு பக்கம். "அம்மா, ஐயோ, என்னப் பெத்த அம்மா!" என்று அந்த உயரக் குரலில் அலறிக்கொண்டு, தேயிலைச் செடிக்கு மேலே தாவுகிறார், கானைத் தாண்டுகிறார். ஒரு மேஸ் கழன்று வால் மாதிரி பின்னால் இழுபடுகிறது. ஓடாதே, படு, புத்தி கெட்டவள்தான் ஓடுவாள் என்று வருடக்கணக்காகப் பாடம் சொன்ன மனிதர். ஏற்றத்தில் அவர் ஓடிய வேகத்துக்குக் கொழுந்து லாரிகூட ஏறாது. ரோட்டுக்கு ஏறி, வளைவில் மறைந்தே போனார்.

மேல் நிரையில் படுத்திருந்த காமாட்சி படங்கின் ஓரத்தை விலக்கி இதைப் பார்த்தாள். பார்த்துச் சும்மா இருந்திருக்கலாம். சிரித்துவிட்டாள். அடக்க முடியாமல், உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். போர்த்தியிருந்த படங்கு நழுவியது. குளவி மொய்த்தது.

நான் கீழே இருந்து அவளுடைய கதறலைக் கேட்டேன். எங்கள் பக்கம் இரைச்சல் கொஞ்சம் தணிந்ததும் குறுக்கு வழியாக ஸ்டோருக்கு, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கு, ஓடி லாரியை அனுப்பினேன். டிஸ்பென்சரிக்கு ஓடி மருந்தையாவைக் கூட்டிவந்தேன். நான் வருவதற்குள் லாரி போய்விட்டது. காமாட்சியின் நிலைமை மோசம் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் நாள்கணக்கில் கிடந்தாள். மாதாவின் புண்ணியத்தில் பிழைத்தாள். திரும்பி வந்ததும் முதல் வேலையாக மடுவத்தில் என்ன செய்தாள் தெரியுமா? சபாபதி ஐயாவின் ஓட்டத்தை ஓடிக் காட்டினாள். மேஸ் உட்பட.

அன்றிலிருந்து அந்த ஓட்டம் தோட்டத்துச் சொத்தாகிவிட்டது. கல்யாண வீட்டில் அது. காமன் கூத்து முடிந்து ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது அது. சபாபதி ஐயா காது கேட்காதவர் மாதிரி நின்றே ஓய்வு பெற்றுப் போனார். இப்போது உயிரோடு இல்லை. காமாட்சிக்கு ஒரு மகள் பிறந்தாள், திலகா. அந்தப் பிள்ளை தாலாட்டுக்குப் பதிலாகக் கண்டாக்கு ஓட்டத்தைக் கேட்டு வளர்ந்தது. படித்தது, கொழும்புக்குப் போனது, டிவியில் வேலைக்குச் சேர்ந்தது. 'எட்டாம் நம்பர் மலை'யை எழுதுவது அவள்தான். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் பிறந்த பிள்ளை எழுதிய நாடகத்தை நாடே பார்த்துச் சிரிக்கிறது என்றால் சும்மாவா? எனக்கு நெஞ்சு நிமிர்ந்து நின்றது.

அப்படி இருக்கும்போதுதான் அந்தச் சனிக்கிழமை வந்தது. சிங்காரம் ஐயாவைக் குளவி துரத்துகிற வாரம். காமாட்சி எங்களையும் கூப்பிட்டிருந்தாள். நானும் ரீட்டாவும் லயத்துக்குப் போனோம். அவளுடைய ஒற்றை அறைக் காம்பரா நிறைய சனம். வாசலில் நின்று எட்டிப் பார்ப்பவர்கள் வேறு. சிங்காரம் ஐயா ஓட ஆரம்பித்ததும் லயமே அதிர்ந்தது. அதே தாவல், அதே "என்னப் பெத்த அம்மா!" நான் தொடையில் அடித்துக்கொண்டு சிரிக்கிறேன். அவர் ரோட்டுக்கு ஏறி வளைவில் மறைந்தார். விளம்பரம் வந்தது. விளம்பரம் முடிந்ததும் நாடகத்தில் மறுநாள் பெரட்டைக் காட்டினார்கள். காமாட்சி எழுந்தாள். டிவியை அமர்த்தினாள். பின்பக்கம் போய்விட்டாள்.

அவ்வளவுதான். காம்பரா காலியாகிவிட்டது. மறுநாள் காலைக்குள் தோட்டம் முழுக்க ஒரே பேச்சு. பெற்ற தாய் செத்துப் பிழைத்ததை மகள் கேலியாக்கிவிட்டாள். குளவி கொட்டி ஆட்களைப் பறிகொடுத்த குடும்பங்கள் இருக்கும்போது இது என்ன சிரிப்பு? திலகா போன் போட்டாள், காமாட்சி பேசவில்லை. அது இன்னும் எண்ணெய் ஊற்றியது. தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் கொதித்துப் போய் டிவிக்காரர்களுக்கு ஒரு பெட்டிசம் போட்டுவிட்டார்.

பதில் வந்த வேகம்! தயாரிப்பாளரே பார்வையாளர்கள் அபிப்பிராயத்தைக் கேட்க ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறார் என்றார்கள். கோயில் மண்டபத்தில் பாய் விரித்தார்கள். நிற்க இடமில்லை. தயாரிப்பாளர் இளவயதுத் தம்பி, மரியாதையாகப் பேசினார். கூடவே திலகாவும் வந்திருந்தாள். பாயில் உட்காராமல் கதவோரமாக நின்றாள். காமாட்சி பெண்களுக்கு நடுவில், தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

தயாரிப்பாளர் ஒளித்து மறைக்கவில்லை. "நாடகத்த நாங்க நிறுத்தப் போறதில்ல. ஆனா இந்தத் தோட்டத்து ஆக்களே மனசு நொந்து போயிருக்கீங்கன்னா, எழுதுறவங்கள மாத்துறதத் தவிர எங்களுக்கு வேற வழியில்ல. இன்னைக்கு ஒங்க முடிவு எதுவோ அதத்தான் நான் கொழும்புக்குக் கொண்டு போவேன்" என்றார். திலகாவின் கை துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தது. அவளை மாற்றிவிட்டு யாரை வைத்து எழுதுவார்கள்? தேயிலையைப் பாக்கெட்டில் மட்டும் பார்த்த ஒருவனை வைத்தா?

தலைவர் எழுந்தார். "பெத்தவளுக்குக் குளவி கொட்டுனத வித்துப் பொழைக்கணுமா ஒரு புள்ள? அன்னைக்குக் காமாட்சியக்கா செத்திருந்தா இவ பொறந்திருப்பாளா?" கைதட்டல். இன்னொருவர் எழுந்து, தன் சித்தப்பா பக்கத்துத் தோட்டத்தில் குளவியால் இறந்ததைச் சொன்னார். அதற்குக் கைதட்டல் இல்லை. அவர் சொன்னதில் பொய் இல்லை. அந்த வேதனைக்கு யார் பதில் சொல்வது?

எனக்குப் பொறுக்கவில்லை, எழுந்துவிட்டேன். மடுவத்து நாடகத்தில் தொடங்கி, சிரிப்பு இல்லாவிட்டால் அந்த மலையில் ஒருநாள் தள்ளியிருக்க முடியுமா என்று கேட்டு, கையை ஆட்டி ஆட்டிப் பேசினேன். ரீட்டா வேட்டியைப் பிடித்து இழுக்கிறாள், நான் உட்காரவில்லை. தலைவர் ஒரே வார்த்தையில் என்னை உட்கார வைத்தார். "ஐயா, நீங்க உத்தியோகத்தரு. கொட்டுப்பட்டது அவங்க."

அப்போதுதான் காமாட்சி எழுந்தாள். தலை நரைத்துவிட்டது, ஆள் இன்னும் ஒல்லிக்குச்சிதான்.

"நான் ஏன் டிவிய அமத்துனேன்னு யாராவது என்கிட்ட வந்து கேட்டீங்களா? நீங்களா பெட்டிசம் போட்டீங்க, நீங்களா கூட்டம் வச்சீங்க. நான் என்ன செத்தா போயிட்டேன்?"

தலைவர், "அக்கா, ஒங்களுக்காகத்தான்..." என்று ஆரம்பித்தார்.

"எனக்காகப் பேசுறதுக்கு எனக்கு வாயிருக்கு தலைவரே, ஒக்காருங்க." தலைவர் உட்கார்ந்தார். காமாட்சி கதவுப் பக்கம் திரும்பினாள். "ஏ புள்ள திலகா. அந்த மனுசன் ஓடுறாரு. நல்லாத்தான் ஓடுறாரு, நானும் சிரிச்சேன். ரோட்டுக்கு ஏறிட்டாரு. அதோட வெளம்பரத்தப் போட்டுட்டீங்க. அடுத்தது பெரட்டுங்குறீங்க. அப்ப திரும்பி வந்தது யாரு?"

திலகா விளங்காமல், "யாரும்மா திரும்பி வந்தா?" என்றாள்.

"அவருதான்டீ! சபாபதி ஐயாதான்! ஓடுனவரு அப்பிடியே வீட்டுக்கா போனாரு? ரோட்டுல நின்னு, என் சத்தத்தக் கேட்டுட்டாரு. மடுவத்துல கெடந்த கொழுந்துச் சாக்க எல்லாம் அள்ளி மேல போத்திக்கிட்டு, கையில பொகையிற பந்தத்தோட வந்தாரு பாரு! குளவி இன்னும் எரைஞ்சுகிட்டு இருக்கு. மத்தவளுக எல்லாம் மொகத்த மூடிப் படுத்திருக்காளுக, யாரும் பாக்கல. நான் பாத்தேன். ஒரு கண்ணு வீங்கிப் போச்சு, வீங்காத கண்ணால பாத்தேன். போத்தியிருந்த சாக்க எல்லாம் உருவி என்மேல போட்டுட்டாரு. அவருக்கு ஒண்ணும் மிச்சமில்ல. என்னத் தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு ரோட்டுக்கு ஏறுனாரு. வழியெல்லாம் அவருக்கும் கொட்டுது. அப்பயும் 'என்னப் பெத்த அம்மா'ன்னுதான் கத்துறாரு. ஆனா என்னக் கீழ போடல."

எனக்கே இது பாதிதான் தெரியும். அவர்தான் தூக்கிவந்தார் என்று அன்று கேள்விப்பட்டது உண்மை. ஆனால் ஓட்டத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்ததில், அது எங்கேயோ அடியில் போய்விட்டது.

"லாரியில ஏத்திட்டாங்க. எனக்குக் கண்ணு சொருகுது. அவரு பக்கத்துல ஒக்காந்துகிட்டு என்னா திட்டுங்குறீங்க! 'கண்ண மூடாத காமாட்சி! மூடுன, இன்னைக்குப் பேர வெட்டிருவேன்!' மூஞ்சி பூசணிக்கா மாதிரி வீங்கிப் போயிருக்கு அந்த மனுசனுக்கு. 'இது லாரியா, தேர்த் திருவிழாவா, தூங்குறதுக்கு?'ங்குறாரு!"

பேர் போடுவது என்றால் அன்றைய வேலையை முழு நாளாகவோ அரை நாளாகவோ கணக்கில் எழுதுவது. பேரை வெட்டினால் அந்த நாள் இல்லாமல் போகும். சாகக் கிடப்பவளைப் பிடித்து நிறுத்த அந்த மனிதருக்குத் தெரிந்த கயிறு அது ஒன்றுதான்.

"நான் சும்மா இருப்பேனா? ஒதடு ரெண்டும் தடிச்சுப் போச்சு, பேச்சு கொழறுது. 'அரப்பேராவது போடுங்கய்யா'ன்னேன்."

மண்டபம் வெடித்துச் சிரித்தது. சித்தப்பாவைப் பறிகொடுத்தவர்கூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். திலகா கதவோரத்திலிருந்து தாய்க்கு முன்னால் வந்துவிட்டாள்.

"ஏம்மா இத எனக்குச் சொல்லவே இல்ல? எத்தன தடவ இந்தக் கதையச் சொல்லியிருப்ப!"

"சிரிப்பு வர்ற எடத்தோட நிப்பாட்டிருவேன். மிச்சத்தச் சொன்னா எனக்கு அழுக வந்துரும். அழுதுகிட்டு எப்பிடிடீ கத சொல்றது? அன்னைக்கு டிவியில பாக்கயிலதான் தெரிஞ்சுச்சு, நான் நிப்பாட்டுன எடத்துலயே நீயும் நிப்பாட்டிட்ட. இனி நாடு பூரா அவர ஓடுனவர்னுதானே நெனைக்கும்? அதான்டீ வலிச்சுச்சு. ஒன்மேல எனக்கு என்ன கோவம்? எனக்கு என்மேலதான் கோவம். அந்தக் கோவத்துல யாரோட பேசுறது?"

என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. இந்தத் தரம் ரீட்டா வேட்டியை இழுக்கவில்லை.

"காமாட்சி, ஒனக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு" என்றேன்.

நான் சொன்னது இதுதான். குளவி கொட்டிய மறுநாள் காலை பெரட்டுக்குச் சபாபதி ஐயா வந்தார். வரமாட்டார் என்று நினைத்தோம். ஒரு கண் மூடிக் கிடந்தது, கால் சப்பாத்துக்குள் போகாமல் வெறுங்காலோடு தடியை ஊன்றி நின்றார். பேர் கூப்பிடுவது என் வேலை. காமாட்சி பேர் வந்ததும் அதை விட்டுவிட்டு அடுத்த பேரைக் கூப்பிட்டேன். தடியால் தரையில் ஓங்கித் தட்டினார்.

"காமாட்சி பேர ஏன் விட்ட?"

"ஐயா, அந்தப் புள்ள ஆஸ்பத்திரியில..."

"எனக்குத் தெரியாதா? கூப்பிடு."

கூப்பிட்டேன். பதில் சொல்ல ஆள் இல்லை. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மனிதர் அந்த ஒற்றைக் கண்ணால் லயத்துப் பாதையையே பார்த்துக்கொண்டு, ஒருத்தி பதில் சொல்வதற்கு எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ம். அடுத்தது" என்றார். அவள் பிழைப்பாளா மாட்டாளா என்று யாருக்கும் தெரியாத நாட்கள் அவை. ஒவ்வொரு காலையும் கூப்பிட வைத்தார். ஒவ்வொரு காலையும் காத்து நின்றார். அந்த நேரத்தில் மட்டும் எங்கள் பெரட்டில் எவளும் சிரித்ததில்லை.

நான் சொல்லி முடித்தபோது காமாட்சி வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"நெசமாவாங்கய்யா?"

"மாதா மேல சத்தியம்."

"நான் திரும்பி வந்த அன்னைக்கு நீங்க பேரக் கூப்பிட்டீங்க. 'வந்திருக்கேங்கய்யா'ன்னேன். எல்லாரும் கைதட்டுனாளுக. ஏன்னே தெரியாம முழிச்சேன். அவரு, 'என்ன, வர்ற நேரமா இது?'ன்னு திட்டுனாரு." அவள் என் பக்கம் இரண்டடி எடுத்து வைத்தாள். "ஒருத்தியும் எங்கிட்டச் சொல்லலியேங்கய்யா!"

யார் சொல்வார்கள்? சிரிப்பு வராத கதைக்கு மடுவத்தில் இடம் ஏது? நானும்தான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நான் நினைத்துக்கொண்டேன், எல்லோரும் அப்படியே நினைத்துக்கொண்டார்கள். அவள் அழுதாள். ஒளித்து மறைக்காமல், மண்டபத்துக்கு நடுவில் நின்று ஓவென்று அழுதாள். திலகா கட்டிப் பிடித்துக்கொண்டாள். எனக்கும் கண்ணாடியைக் கழற்ற வேண்டி வந்தது.

தயாரிப்பாளர் தம்பி கொஞ்ச நேரம் பொறுத்துத் தலைவரிடம் மெல்லக் கேட்டார். "அப்ப ஐயா, எழுதுறவங்கள மாத்துற விசயம்...?"

தலைவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சீறினாரே பார்க்க வேண்டும்! "யாரு மாத்தச் சொன்னது? எங்க புள்ளய மாத்துறதுக்கு நீங்க யாரு?" மண்டபம் கூரை அதிரக் கைதட்டியது. நான் விசில் அடித்தேன். இந்த வயதில் விசிலா என்று ரீட்டா முறைத்தாள். அடிப்பேன்!

சத்தம் அடங்கியதும் காமாட்சி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள்.

"ஏ புள்ள, ஓடுறதத் தூக்கிப்புடாத. நல்லா ஓட விடு, எல்லாரும் சிரிக்கட்டும். திரும்பியும் வரட்டும். அப்பறம் பெரட்டு வரும்ல, அங்க என் பேரக் கூப்பிடச் சொல்லு. கூப்பிட்டுட்டு, நான் பதில் சொல்ற வரைக்கும் அவர நிக்கச் சொல்லு."